சைக்கிளின் பின்சக்கரமும் சங்கிலியின் இறுக்கமும்

(நாஞ்சில் நாட்டுக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



கிராம புனருத்தாரணம் என்ற சொல்லைக் கேட்டவுடன் குளம் வெட்டுதல், பாதை போடுதல், நல்ல விதை வழங்குதல் முதலிய பெருங்காரியங்களே மனத்தில் தோன்றுவது இயல்பு. அவை வேண்டியனவே. ஆயினும் ஒரு குடும்பத்தின் வரவுசெலவை நாள்தோறும் ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் சிறு காரியங்களே ஆகும். அத்தகைய சிறு காரியங்களுள் ஒன்றே இங்கு எடுத்துரைக்கப்படுகின்றது. அஃதாவது, சைக்கிளின் பின்சக்கரத்தை அதன் இடத்தில் ஒழுங்காக நிறுத்தி, சங்கிலி எனப்படும் செயினை அளவாக இறுக்கி வைக்கும் முறை.

இதில் பிரசங்கம் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கக்கூடும். உதாரணமாக, பூதப்பாண்டிப் பக்கத்தில் இரண்டு பசு வைத்திருக்கும் ஓர் அங்கத்தினரை எண்ணிப் பார்க்கலாம். அவர் விடியுமுன் பால் கறந்து, கேனைக் கேரியரில் கட்டி, சங்கத்துக்குப் புறப்படுகிறார். பாதி வழியில் சங்கிலி கழன்று, பற்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே சிக்கிக்கொள்கிறது. இருட்டில், கருவி ஒன்றும் இல்லாமல், கையெல்லாம் கரியாக்கிக்கொண்டு அவர் அதை விடுவிப்பதற்குள் சங்கத்தில் பால் எடுக்கும் நேரம் கடந்துவிடுகிறது. அன்றைய பாலின் விலை போயிற்று. சங்கிலி கழலும் வேளையில் அவர் இறக்கத்தில் ஒரு திருப்பத்தில் இருந்திருந்தால், போவது பாலின் விலை மட்டுமன்று. தோவாளையிலிருந்து பூ கொண்டு செல்பவருக்கும், கடற்கரையிலிருந்து மீன் கொண்டு வருபவருக்கும், வடசேரிச் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிச் செல்பவருக்கும் இதே கதிதான். நேரம் தவறிய சரக்கு பாதி விலைச் சரக்கு என்பதை நாஞ்சில் நாட்டாருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இக்காலத்தில் மோட்டார் சைக்கிள் பெருகிவிட்டது உண்மையே. எனினும் ஏழைத் தொழிலாளியின் வாகனமும், பள்ளிக்கூடப் பிள்ளையின் வாகனமும் இன்றும் மிதிவண்டிதான். தமிழ்நாட்டு அரசாங்கம் 2001-02-ஆம் ஆண்டில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு மாணவிகளுக்கு இலவச சைக்கிள் வழங்கத் தொடங்கிப் பின்னர் அத்திட்டத்தை மற்ற மாணவ மாணவியருக்கும் விரித்தது. ஆகையால் பல வீடுகளில் சைக்கிள் உண்டு. ஆனால் அதைப் பராமரிக்கத் தெரிந்த வீடு அரிதாகவே இருக்கிறது.

சங்கிலியின் இயல்பு

1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ரோவர் என்ற சைக்கிளை வெளியிட்டார். மிதிகட்டையின் பலத்தைச் சங்கிலியின் மூலம் பின்சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் இன்றைய அமைப்புக்கு வழிகாட்டியது அதுவே. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1880-இல், மாஞ்செஸ்டர் நகரத்தில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் உருளையும் புஷும் கொண்ட சங்கிலிக்கு உரிமைப் பட்டயம் பெற்றிருந்தார். நமது தேசத்துச் சாலைகளில் முன்னர் ஓடியவை சீமையிலிருந்து வந்த வண்டிகள். 1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி நிறுவப்பெற்ற பின்னர் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. முதலிய பெயருள்ள வண்டிகள் தமிழ்நாட்டிலேயே உற்பத்தியாயின. பெயர் எதுவாயினும், கியர் இல்லாத சாதாரண வண்டியின் சங்கிலி அமைப்பு ஒன்றே.

சங்கிலியில் ஓர் ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடு வரையுள்ள தூரம் சரியாக அரை அங்குலம். இதை ஒரு கணு என்று கொள்ளலாம். முன்பற்சக்கரத்துக்கு 44 பற்களும், பின்பற்சக்கரத்துக்கு 18 பற்களும் உள்ள 28 அங்குல வண்டியில், மிதிகட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறக்குறைய 18 அடி செல்லும். அவ்வாறாயின் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் சுமார் 8,000 கணுக்கள் முன்பற்சக்கரத்தின் மீது ஏறி இறங்குகின்றன. ஏறும்போது ஒரு தடவையும் இறங்கும்போது ஒரு தடவையும் ஒவ்வொரு கணுவும் மடங்கி நிமிர்கின்றது. இந்த உராய்வினால் உள்ளிருக்கும் ஆணியும் புஷும் தேய்கின்றன.

சங்கிலி நீண்டுவிட்டது என்று சொல்லும்போது இரும்பே இழுபட்டு நீண்டது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. ஒவ்வொரு கணுவிலும் மயிரிழை அளவு தேய்மானம் சேர்ந்து சேர்ந்தே சங்கிலி முழுவதும் நீளமாகின்றது. சங்கிலி தொங்கித் தொய்வதற்கு இதுவே காரணம். பின்சக்கரத்தைச் சற்றே பின்னுக்குத் தள்ளி வைப்பதே இத்தொய்வுக்குப் பரிகாரம். அதன் பொருட்டே பின்போர்க்கின் முனையில் அச்சு பொருந்தும் இடம் வட்டத் துவாரமாக இல்லாமல் நீண்ட வாய்போல வெட்டப்பட்டிருக்கிறது.

தொய்வினாலும் மிகை இறுக்கத்தினாலும் வரும் கேடு

தொய்ந்த சங்கிலி பற்களின் மீது நன்றாகப் பதியாமல் ஏறித் தாவும்; மேடு பள்ளத்தில் கழன்று விழும்; செயின் கவரில் அடித்துச் சப்தம் செய்யும். கவர் மூடியிருக்கும் வண்டியில் இந்தச் சப்தமே முதல் எச்சரிக்கை. அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டுவது, தொழுவத்தில் மாடு கதறும்போது திண்ணையில் படுத்துறங்குவதற்கு ஒப்பாகும்.

தொய்வுக்குப் பயந்து வீணைத் தந்திபோல் இறுக்கிவிடுவோரும் உண்டு. இது தொய்வைவிடப் பெரிய தவறு. மிக இறுகிய சங்கிலி மிதிப்பவரின் பலத்தை வீணாக்கும். பின்ஹப்பின் கோனையும் குண்டுகளையும், மிதிகட்டை அச்சின் குண்டுகளையும் விரைவில் தின்றுவிடும். சங்கிலியும் சீக்கிரம் தேயும். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை எதிர்த்து மிதிப்பவருக்குக் காற்றின் பாரமே போதும். அதனோடு இறுகிய சங்கிலியின் பாரத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டுவதில்லை.

இவ்விரண்டுக்கும் நடுவான அளவு யாதெனில், இரு பற்சக்கரங்களுக்கும் நடுவில் சங்கிலியை விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் அரை அங்குலம் அசைய வேண்டும். அதாவது ஏறக்குறைய சுண்டுவிரலின் கனம்.

சரிசெய்யும் முறை

முதலாவது, வண்டியை நிறுத்தும் விதம். பல வண்டிகளில் ஸ்டாண்டும் பின்அச்சிலேயே மாட்டப்பட்டிருப்பதால் நட்டைத் தளர்த்தியவுடன் ஸ்டாண்டும் ஆட்டங் காணும். ஆகையால் ஆசனத்தில் கயிறு கட்டி உத்தரத்திலோ மரக்கிளையிலோ பின்பாகத்தைத் தொங்கவிடுவது நலம். சக்கரம் தரையில் படாமல் சுற்றினால் போதும்.

இரண்டாவது, இறுகலான இடத்தைக் கண்டறிதல். முன்பற்சக்கரம் எந்த வண்டியிலும் முற்றிலும் வட்டமாகவும் மையமாகவும் இருப்பது அரிது. மிதிகட்டையை மெல்லச் சுற்றினால் ஓரிடத்தில் சங்கிலி இறுகியும், மற்றோரிடத்தில் தளர்ந்தும் காணப்படும. எங்கே மிகவும் இறுகுகின்றதோ அங்கே மிதிகட்டையை நிறுத்தி, அந்நிலையில் அளவு பார்க்க வேண்டும். தளர்ந்த இடத்தில் அளவு வைத்து இறுக்கினால், இறுகலான இடத்தில் சங்கிலி பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, நட்டுகளைத் தளர்த்துதல். இருபுறத்து நட்டுகளையும் ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்று மட்டுமே தளர்த்த வேண்டும். முற்றிலும் கழற்றிவிட்டால் வாஷர், கேரியர்க் கம்பி, மட்கார்டுக் கம்பி, ஸ்டாண்டு ஆகியவற்றின் வரிசை குலைந்துவிடும்.

நான்காவது, சக்கரத்தை நகர்த்துதல். இவ்விடத்தில் ஒரு கணக்கை நினைவில் வைத்தல் அவசியம். ஒன்றரை அங்குலத் தொய்வு அரை அங்குலமாகக் குறைவதற்கு, அச்சு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பின்னே நகர்ந்தாற் போதும். தொய்வு பெரிதாகத் தோன்றினும் அதற்கு வேண்டிய நகர்ச்சி மிகச் சிறிதே. இதை அறியாமையால்தான் பலர் சக்கரத்தைப் பலங்கொண்ட மட்டும் பிடித்து இழுத்து, வேண்டிய அளவைத் தாண்டிவிடுகின்றனர்.

அச்சின் இருபுறமும் செயின் அட்ஜஸ்டர் என்ற சிறு திருகு இருக்குமாயின், இரண்டையும் கால் சுற்று, கால் சுற்றாகச் சமமாகத் திருகி வர வேண்டும். அட்ஜஸ்டர் இல்லாத வண்டிக்கு வேறொரு முறை உண்டு. இடப்புற நட்டை இறுக்கி, வலப்புற நட்டைத் தளரவிட்டு, டயரின் முன்விளிம்பை வலப்பக்கமாகத் தள்ள வேண்டும். அப்போது அச்சின் வலமுனை சற்றே பின்னே செல்லும். பிறகு வலப்புற நட்டை இறுக்கி, இடப்புற நட்டைத் தளர்த்தி, டயரை இடப்பக்கமாகத் தள்ளினால் இடமுனையும் பின்னே செல்லும். ஒருவன் கனமான மரப்பெட்டியை ஒரு மூலையும் மறு மூலையுமாக நகர்த்திக் கொண்டுபோவது போல, இவ்வாறு சக்கரத்தை அடிமேல் அடியாக நடத்திச் செல்லலாம். சுத்தியலால் அடிக்க வேண்டிய தேவை எக்காலத்தும் இல்லை.

ஐந்தாவது, நேர் பார்த்தல். மிதிகட்டை அச்சிலிருந்து பின்னே வரும் இரு குழாய்க் கம்பிகளுக்கும் நடுவே டயர் இருபுறமும் சம இடைவெளியோடு நிற்க வேண்டும். ஈர்க்குச்சி ஒன்றை ஒடித்து அளவு பார்த்தால் போதும். சக்கரம் கோணலாக நின்றால் சங்கிலி பற்களின் பக்கவாட்டில் உராய்ந்து பற்களைக் கூராக்கிவிடும். பாரம் ஏற்றி மிதிக்கும்போது சங்கிலி அச்சின் வலமுனையை முன்னுக்கு இழுக்கும். அதனால் டயரின் முன்விளிம்பு இடப்பக்கம் சாய்ந்து கம்பியில் உரசும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் டயர் இடப்புறம் உரசினால், வலப்புற நட்டு தளர்ந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

ஆறாவது, இறுக்குதல். வலப்புற நட்டைச் சிறிது, இடப்புற நட்டைச் சிறிது என மாறி மாறி இறுக்கி, முடிவில் இரண்டையும் நன்றாக முடுக்க வேண்டும். பின்னர் மிதிகட்டையைக் கால்வட்டம், கால்வட்டமாகச் சுற்றி நான்கு இடங்களில் மீண்டும் அளவு பார்க்க வேண்டும். நட்டை முடுக்கும்போது அச்சு நகர்ந்துவிடுவது உண்டு. ஆகவே இச்சோதனை தவிர்க்கத் தக்கதன்று.

ஏழாவது, பிரேக். பின்சக்கரம் இடம் மாறினால் ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் உள்ள இடைவெளியும் மாறும். பிரேக் பிடிக்கிறதா, விட்டவுடன் விலகுகிறதா என்று பார்த்த பிறகே வண்டியில் ஏற வேண்டும். சங்கிலியைச் சரிசெய்து பிரேக்கை மறந்தவன், வாசற்கதவைப் பூட்டிப் புறக்கடையைத் திறந்து வைத்தவன் ஆவான்.

பிரீவீல் இல்லாத வண்டி

சாதாரண வண்டியின் பின்பற்சக்கரத்தில் பிரீவீல் இருக்கிறது. ஆகையால் மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி ஓடும். ஆதிகாலத்து சைக்கிள்களில் இது இல்லை. சக்கரம் சுற்றும் வரை மிதிகட்டையும் சுற்றிக்கொண்டே இருக்கும். மூடிய பந்தயத் தடங்களில் ஓடும் வண்டிகள் இன்றும் இவ்வகையினவே. நகரங்களில் இளைஞர் சிலர் இத்தகைய வண்டியை விருப்பத்துக்காகவும் ஓட்டுகின்றனர்.

இவ்வகை வண்டியில் ஓட்டுபவர் மிதிகட்டையைப் பின்னோக்கி அழுத்தியும் வேகத்தைக் குறைப்பார். ஆகவே சங்கிலியின் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் மாறி மாறி இழுபடும். அதில் சங்கிலி கழன்றால் ஓட்டமும் போகும், காலால் வேகத்தை அடக்கும் வழியும் போகும். சிக்கிக்கொண்டால் சக்கரம் நொடியில் பூட்டிக்கொள்ளும். இதனால் அவ்வண்டிக்குச் சங்கிலியின் அளவு மிகவும் கண்டிப்பானது. அரை அங்குலத்துக்கு மேல் அசைவு இருத்தல் ஆகாது. அசைவே இல்லாமல் இருத்தலும் ஆகாது. முன்பிரேக் ஒன்றேனும் இல்லாமல் அத்தகைய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுவது அறிவுடைமை ஆகாது.

மற்றொரு பயங்கரமும் உண்டு. பிரீவீல் இல்லாத சக்கரம் சுற்றும்போது விரல் சங்கிலியில் அகப்பட்டால் அது தானாக நிற்காது. விரலைப் பற்களுக்கு இடையே இழுத்துச் சென்றுவிடும். சாதாரண வண்டியிலும் ஒருவர் மிதிகட்டையைச் சுற்ற, மற்றொருவர் சங்கிலியைத் துணியால் பிடித்துத் துடைப்பது இதே ஆபத்தை விளைவிக்கும். சக்கரம் நின்ற பிறகே சங்கிலியில் கை வைக்க வேண்டும். சிறுவர்களை அருகில் விடுதல் கூடாது.

மாற்ற வேண்டிய காலம்

சங்கிலியை எத்தனை காலம் இறுக்கிக்கொண்டே போகலாம்? இதற்கு ஓர் அடிக்கோல் போதும். இருபத்துநான்கு கணுக்களின் நீளம் புதிய சங்கிலியில் சரியாக 12 அங்குலம். அதையே இழுத்துப் பிடித்து அளந்தால் 12 அங்குலமும் அரைக்கால் அங்குலமும் இருக்குமாயின், அச்சங்கிலி தன் ஆயுளை முடித்துவிட்டது. அந்த அளவுக்குள் அச்சு மொத்தம் ஏறக்குறைய கால் அங்குலம் பின்னே சென்றிருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு மில்லிமீட்டர் வீதம் ஆறேழு தடவை சரிசெய்ததற்கு இது சமம்.

தேய்ந்த சங்கிலியில் ஒரு ஜோடிக் கணுவை வெட்டி எடுத்துவிட்டுத் தொடர்ந்து ஓட்டுவது சிக்கனம் போலத் தோன்றும். உண்மையில் அது சிக்கனம் அன்று. நீண்ட கணுக்கள் பற்சக்கரத்தின் பற்களையும் தம் அளவுக்குத் தேய்த்துவிடும். பின்பு புதிய சங்கிலி போட்டாலும் அது பழைய பற்களில் பொருந்தாமல் தாவும். ஒரு சங்கிலியின் விலையை மிச்சம் பிடிக்கப்போய்ச் சங்கிலி, பிரீவீல், முன்பற்சக்கரம் ஆகிய மூன்றின் விலையையும் கொடுக்க நேரிடும்.

புதிய சங்கிலி மாட்டும்போது இணைப்புக் கணுவின் மேல் உள்ள மீன் வடிவக் கிளிப்பைக் கவனிக்க வேண்டும். அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். மாறிப் போட்டால் ஏதேனும் உரசும்போது கிளிப் கழன்று, சங்கிலியே பிரிந்துவிடும்.

மழையும் உப்புக் காற்றும்

கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவ மழையும் உண்டு. வடகிழக்குப் பருவ மழையும் உண்டு. பயிருக்கு இது பாக்கியம். சங்கிலிக்கு இது இரட்டைச் சோதனை. மணக்குடி, இராஜாக்கமங்கலம், குளச்சல் முதலிய கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் மணலும் சேர்ந்துகொள்கின்றன. ஆகையால் அவ்வூர்களில் சங்கிலியை வாரம் ஒரு முறையும், மற்ற ஊர்களில் மாதம் இரு முறையும் துடைத்து எண்ணெய் இடுவது நல்ல வழக்கம். ஒவ்வோர் உருளைக்கும் ஒரு துளி இயந்திர எண்ணெய் இட்டுச் சிறிது நேரம் கழித்து வெளியில் நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேண்டியது உள்ளேயுள்ள ஆணிக்கே. வெளியே வழியும் எண்ணெய் மணலைப் பிடித்து அரம்போல் அராவும். சமையலுக்கு வைத்திருக்கும் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்குமாதலால் அது இதற்கு உதவாது.

சங்கம் செய்யக்கூடியது

இங்கே கூறிய வேலைக்கு வேண்டிய கருவிகள் மிகச் சில: அச்சு நட்டுக்குப் பொருந்தும் இரண்டு ஸ்பானர், சங்கிலியின் ஆணியைத் தள்ளும் கருவி ஒன்று, எண்ணெய்க் குப்பி, அடிக்கோல். இவற்றை ஒவ்வொரு வீடும் வாங்குவது சிரமமாயிருக்கலாம்; ஒரு சங்கம் வாங்கி வைப்பது சிரமமன்று. திருவிதாங்கூரில் 1914-ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சங்கச் சட்டம் ஏற்பட்டது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி இம்மாவட்டம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. சட்டங்கள் மாறின; எல்லைகள் மாறின. தனியொருவனால் ஆகாததைப் பலர் கூடிச் செய்வது என்ற மூல தத்துவம் மாறவில்லை. கடனுக்கும் உரத்துக்கும் உதவும் அத்தத்துவம் ஸ்பானருக்கும் உதவும்.

சங்க விதிகள் இடங்கொடுக்குமாயின், பொது நன்மைக்கான தொகையில் ஒரு கருவிப் பெட்டி வாங்கிச் சங்கக் கட்டடத்தில் வைக்கலாம். எடுத்தவர் பெயரும் திருப்பிய தேதியும் எழுத ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். இல்லாவிடில் ஆறு மாதத்தில் பெட்டி மட்டுமே மிஞ்சும். மாதம் ஒரு நாள், பால் ஊற்றும் வேளைக்குப் பின், வேலை தெரிந்த அங்கத்தினர் ஒருவர் மற்றவர்களின் வண்டிகளைப் பார்த்துச் சொல்லித்தரலாம். பெண்களையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1991-ஆம் ஆண்டு முதல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். ஓட்டக் கற்ற கைக்கு ஸ்பானர் பிடிப்பது அரிய வித்தையன்று.

இதனால் சைக்கிள் கடைக்காரரின் பிழைப்புக் கெடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. சக்கரக் கோட்டம் எடுத்தல், ஹப் பிரித்துக் குண்டு மாற்றுதல் முதலிய வேலைகள் அவருக்கே உரியன. பாதி வழியில் நின்ற வண்டியை உருட்டிக்கொண்டு வருபவரைவிட, காலத்தில் பழுது கண்டு கொண்டுவருபவரையே அவரும் விரும்புவார்.

அங்கத்தினர்களே! சங்கிலியில் அரை அங்குல அசைவு, டயரின் இருபுறமும் சம இடைவெளி, அச்சில் இறுகிய இரண்டு நட்டு, பிடிக்கும் பிரேக்: இந்நான்கையும் வாரம் ஒரு முறை பார்க்கக் கால் மணி நேரம் ஆகாது. மகளோ மகனோ பள்ளிக்குப் புறப்படும் வண்டிக்கு அந்தக் கால் மணி நேரத்தை இந்த ஞாயிற்றுக்கிழமையே செலவிடுவீர்களாக.